விடுதி அறைக்குள் அடங்கிப்போன குரல்

1965 ஜனவரி 27. இந்தித் திணிப்பை எதிர்த்துச் சிதம்பரத்தில் திரண்ட அண்ணாமலைப் பல்கலைக்கழக மாணவர்கள்மீது காவல்துறை துப்பாக்கியால் சுட்டது. மாணவர் இராசேந்திரன் அங்கேயே உயிரிழந்தார். 1971-ல் அதே பல்கலைக்கழகத்தில் மாணவர் போராட்டத்தின்மீது தடியடி நடந்தது. அதன்பின் மாணவர் உதயகுமார் இறந்துகிடந்தார். அந்தச் சாவுக்கு நீதி விசாரணை கேட்டு மாணவர்கள் தமிழகம் முழுவதும் குரல் எழுப்பினார்கள். சிதம்பரத்தில் மாணவர்கள் வெளியே வந்தால் சென்னைக் கோட்டையில் கோப்பு நகரும் என்று பெரியவர்கள் சொல்லும் காலம் ஒன்று இருந்தது.

இன்று கடலூர் மாவட்டத்தில் பல்கலைக்கழகம் இருக்கிறது. தேவனாம்பட்டினம், சி.முட்லூர், விருத்தாசலம், காட்டுமன்னார்கோவில் என்று அரசு கலைக் கல்லூரிகள் இருக்கின்றன. தனியார் கல்லூரிகளுக்கும் குறைவில்லை. காலை எட்டு மணிக்கு எந்தக் கிராமத்துப் பேருந்து நிறுத்தத்தில் நின்றாலும் பையை மாட்டிக்கொண்டு நம் பிள்ளைகள் நிற்கிறார்கள். ஊர்ப்பக்கம் இருந்து வருகிறவர்களும் சேரிப்பக்கம் இருந்து வருகிறவர்களும் ஒரே பேருந்தில் ஏறுகிறார்கள். படிக்கிறவர்கள் இவ்வளவு பேர் பெருகியபிறகும் மாணவர் குரல் மட்டும் ஏன் மெலிந்துபோனது? ஒடுக்கப்பட்ட சமூகத்துப் பிள்ளைகளுக்கு அதனால் என்ன நட்டம்? இந்த வாரம் அதைத்தான் பேசப்போகிறோம்.

கணக்கு சொல்லும் செய்தி

ஒன்றிய அரசின் உயர்கல்விக் கணக்கெடுப்பின்படி 2021-22-ல் தமிழ்நாட்டில் கல்லூரி வயதில் உள்ள 100 பேரில் 47 பேர் உயர்கல்வியில் சேர்ந்திருக்கிறார்கள். இந்திய அளவில் அது 28.4. இந்திய அளவில் பட்டியல் சாதியினரை மட்டும் எடுத்தால் 25.9. நம் மாநிலம் மற்றவர்களைவிட வெகுதூரம் முன்னால் போயிருக்கிறது. அந்த வளர்ச்சியில் நம் பிள்ளைகளும் இருக்கிறார்கள். 2011 மக்கள்தொகைக் கணக்கின்படி தமிழகத்தில் ஐந்தில் ஒருவர் பட்டியல் சாதியைச் சேர்ந்தவர். நம் குடும்பங்களில் பட்டம் வாங்கப்போகும் முதல் ஆள் இப்போதுதான் கல்லூரிக்குள் கால் வைத்திருக்கிறார்.

இது தானாக வந்ததில்லை. இதே சிதம்பரத்தில் சுவாமி சகஜானந்தர் 1916-ல் நந்தனார் கல்விக் கழகத்தைத் தொடங்கி, பள்ளியும் விடுதியும் நடத்தி, கோயிலுக்குள் போக முடியாத மக்களின் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்குள் கொண்டுவந்தார். காட்டுமன்னார்கோவில் பக்கத்து எல்.இளையபெருமாள், பள்ளியில் தங்களுக்கென்று தனியாக வைத்திருந்த தண்ணீர்ப் பானையை மாணவராக இருந்தபோதே உடைத்தவர் என்று அவரைத் தெரிந்தவர்கள் சொல்வார்கள். பிற்காலத்தில் அவர் நாடாளுமன்ற உறுப்பினரானார். தீண்டாமை குறித்து நாடு முழுவதும் ஆராய்ந்த குழுவுக்குத் தலைவராகி 1969-ல் அறிக்கை கொடுத்தார். பானையை உடைத்த பையனும் அறிக்கை எழுதிய தலைவரும் ஒரே ஆள் என்பதை நம் மாணவர்கள் மறந்துவிடக் கூடாது.

1990-களில் தமிழகத்தில் தலித் அரசியல் எழுந்தபோதும் அதன் வேர் கல்லூரிகளிலும் ஆதிதிராவிடர் நல விடுதிகளிலும் இருந்தது. 1991 அம்பேத்கர் நூற்றாண்டு. விடுதியில் தங்கிப் படித்த பிள்ளைகள் லீவுக்கு ஊருக்குப் போகும்போது அம்பேத்கர் படத்தையும் புத்தகத்தையும் எடுத்துக்கொண்டு போனார்கள். தெருமுனையில் பலகை எழுதி வைத்தார்கள். இரவுப் பாடம் நடத்தினார்கள். அங்கனூர் என்ற சிற்றூரிலிருந்து சென்னை மாநிலக் கல்லூரிக்கும் சட்டக் கல்லூரிக்கும் படிக்கப்போன திருமாவளவனும் மாணவப் பருவத்திலேயே அரசியலுக்கு வந்தவர்தான். அவருடைய கட்சியை ஏற்பவரும் ஏற்காதவரும் இந்த உண்மையை மறுக்கமாட்டார்கள்.

தனித்தனியாக ஒரே ஜன்னலில்

அப்படி ஒன்றுகூடிய குரல் குறைந்ததால் என்ன ஆயிற்று? பெரிய தத்துவம் எதுவும் வேண்டாம். கல்வி உதவித்தொகையை மட்டும் எடுத்துக்கொள்வோம்.

போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகைக்கு ஒன்றிய அரசு 60 விழுக்காடு, மாநில அரசு 40 விழுக்காடு என்ற பங்கீடு 2020 டிசம்பரில் முடிவானது. குடும்ப ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்துக்குள் இருக்க வேண்டும். ஒன்றிய அரசின் பங்கு மாணவரின் வங்கிக் கணக்கில் நேரடியாக விழுகிறது. கேட்பதற்கு நல்ல ஏற்பாடுதான். ஆனால் கிராமத்தில் என்ன நடக்கிறது? கணக்கோடு ஆதார் இணையவில்லை என்றால் பணம் வராது. பணம் வரத் தாமதமானால் கல்லூரி அலுவலகம் பிள்ளையை நிறுத்திக் கேட்கிறது. ஒரு வழியாகப் பணம் வந்து சேரும் நாளில் வீட்டில் யாருக்காவது ஆஸ்பத்திரிச் செலவு இருக்கும், கை வைத்துவிடுவார்கள். பிறகு ஹால் டிக்கெட் வாங்கும் நேரத்தில் கல்லூரி ஜன்னல் முன்னால் அந்தப் பிள்ளை தனியாக நிற்கும்.

அதே வகுப்பில் அதே பிரச்சினையோடு இன்னும் இருபது பேர் இருப்பார்கள். அவர்களும் தனித்தனியாக வந்து அதே ஜன்னலில் நிற்பார்கள். ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளக் கூச்சம். ‘ஸ்காலர்ஷிப் பசங்க’ என்று பேர் விழுந்துவிடுமோ என்ற பயம். முன்பெல்லாம் இந்த இருபது பேரும் சேர்ந்து மாவட்ட ஆதிதிராவிடர் நல அலுவலகத்துக்குப் போவார்கள். அங்கே பதில் இல்லாவிட்டால் ஆட்சியரின் திங்கள்கிழமை மனுநாளுக்குப் போவார்கள். அங்கும் பதில் இல்லாவிட்டால் சாலையில் உட்காருவார்கள். சென்னை சைதாப்பேட்டை எம்.சி.ராஜா விடுதி மாணவர்கள் குடிநீருக்கும் சோற்றுக்கும் கழிப்பறைக்கும் சாலையில் உட்கார்ந்துதான் அதிகாரிகளை விடுதிக்குள் வரவழைத்தார்கள்.

விடுதிச் சோற்றுக் கணக்கும் இதே கதைதான். கல்லூரி விடுதி மாணவருக்கு மாத உணவுப்படி 1,100 ரூபாயாக இருந்ததை 2023-ல் 1,500 ரூபாயாக உயர்த்தினார்கள். நாளொன்றுக்கு 50 ரூபாய். மூன்று வேளைச் சாப்பாடும் அதற்குள் அடங்க வேண்டும். 2025-ல் அரசு விடுதிகளுக்கெல்லாம் ‘சமூகநீதி விடுதி’ என்று பெயர் சூட்டினார்கள். பெயர் மாறியதை வரவேற்போம். ஆனால் அந்தப் பெயருக்கு ஏற்ற சோறும் தண்ணீரும் விளக்கும் உள்ளே இருக்கிறதா என்று கேட்க வேண்டியவர்கள் உள்ளே இருக்கும் மாணவர்கள்தான். அவர்கள் கேட்காவிட்டால் வெளியில் இருக்கும் நமக்குத் தெரியவே தெரியாது.

ஏன் வாய் மூடியது?

பிள்ளைகளைக் குறைசொல்லிவிட்டுப் போவது சுலபம். ‘எந்நேரமும் செல்போன்தான்’ என்று சொல்லாத பெரியவர் இல்லை. நாம் அந்தப் பேச்சுக்கு வரவில்லை. வாயை மூடவைத்த காரணங்கள் பல. அவற்றில் பெரும்பாலானவை மாணவர்கள் உண்டாக்கியவை இல்லை.

முதல் காரணம், தேர்தல் இல்லை. நம் பக்கத்தில் பெரும்பாலான கல்லூரிகளில் மாணவர் பேரவைக்கு வாக்குப்பெட்டி வைத்துத் தேர்தல் நடப்பதில்லை. துறைத்தலைவர் கைகாட்டும் பிள்ளை வகுப்புப் பிரதிநிதி ஆகிறது. ஆண்டுவிழாவுக்கு நாற்காலி போடுவதோடு அதன் வேலை முடிகிறது. ஆனால் தேர்தல் நடத்தச் சொல்லி நாட்டின் உச்ச நீதிமன்றமே உத்தரவிட்டிருக்கிறது. முன்னாள் தலைமைத் தேர்தல் ஆணையர் லிங்டோ தலைமையிலான குழு கொடுத்த பரிந்துரைகளை நடைமுறைப்படுத்தும்படி 2006 செப்டம்பரில் நீதிமன்றம் சொன்னது. கல்வியாண்டு தொடங்கி ஆறு முதல் எட்டு வாரங்களுக்குள் தேர்தல் முடிய வேண்டும், வேட்பாளர் 5,000 ரூபாய்க்கு மேல் செலவழிக்கக் கூடாது, அச்சடித்த சுவரொட்டி கூடாது, கையால் எழுதியதுதான் ஒட்டலாம் என்றெல்லாம் அதில் விதிகள் இருக்கின்றன. பணக்காரப் பிள்ளையும் ஏழைப் பிள்ளையும் ஒரே தரையில் நிற்க இவை உதவும்.

அதே குழுவின் வேறு விதிகளையும் பார்க்க வேண்டும். வேட்பாளருக்கு அரியர் இருக்கக் கூடாது. வருகைப்பதிவு 75 விழுக்காடு இருக்க வேண்டும். பன்னிரண்டாம் வகுப்புவரை தமிழில் படித்துவிட்டு ஆங்கிலத்தில் கணக்கியலும் வேதியியலும் படிக்க வருகிற முதல் தலைமுறைப் பிள்ளைக்கு முதல் செமஸ்டரில் ஓரிரண்டு அரியர் விழுவது வழக்கம். நாற்று நடும் காலத்திலும் கரும்பு வெட்டும் காலத்திலும் வீட்டுக்கு ஒத்தாசையாகப் போகிற பிள்ளைக்கு வருகைப்பதிவு குறையும். யாருக்குக் குறை அதிகமோ, அவர் குறைகேட்கும் நாற்காலிக்குப் போட்டியிட முடியாது என்று ஆகிவிடுகிறது.

இரண்டாவது காரணம், கல்லூரியின் அமைப்பே மாறிவிட்டது. 1980-களின் நடுவில் தொடங்கிய சுயநிதிக் கல்லூரிகள் இன்று பெரும்பான்மை ஆகிவிட்டன. ஆண்டுத் தேர்வு போய் செமஸ்டர் வந்தது. ஆறுமாதத்துக்கு ஒரு தேர்வு, நடுவில் இன்டர்னல் தேர்வுகள். இன்டர்னல் மதிப்பெண் ஆசிரியர் கையில் இருக்கிறது. ‘பேசினால் இன்டர்னலில் கை வைத்துவிடுவார்கள்’ என்ற பயம் உண்மையா பொய்யா என்பது வேறு விஷயம். அந்தப் பயம் எல்லா வகுப்பறையிலும் உட்கார்ந்திருக்கிறது. பல கல்லூரிகளில் காலையில் ஒரு ஷிப்ட், மதியம் ஒரு ஷிப்ட். வகுப்பு முடிந்ததும் பேருந்தைப் பிடிக்க ஓடுகிறார்கள். மரத்தடியில் உட்கார்ந்து பேசுவதற்கு நேரமும் இல்லை, மரமும் இல்லை.

மூன்றாவது, வேலை. மாலையில் கேட்டரிங் போகிறவர்கள், துணிக்கடையில் நிற்கிறவர்கள், பைக்கில் உணவு கொண்டுபோய்க் கொடுப்பவர்கள் நம் பிள்ளைகளில் நிறையப்பேர். வயிற்றுக்காக உழைக்கிற பிள்ளையிடம் ‘கூட்டத்துக்கு ஏன் வரவில்லை’ என்று கேட்பதில் நியாயம் இல்லை.

நான்காவது, வழக்குப் பயம். ‘எங்கயும் போயி பேரு கெடுத்துக்காத. கேஸு விழுந்தா கவர்மென்ட் வேல கெடைக்காது’ என்று சொல்லி அனுப்பாத தாய் இல்லை. அந்தத் தாயைக் குறைசொல்ல முடியாது. காவலர் தேர்வுக்குப் போனால் குற்ற வழக்கு இருக்கிறதா என்று விசாரிக்கிறார்கள். நிலம் இல்லாத வீட்டில் ஒரு காவலர் வேலை என்பது மூன்று தலைமுறையின் கனவு. வசதியான வீட்டுப் பிள்ளைக்கு ஒரு வழக்கு என்பது வக்கீல் செலவு. நம் வீட்டுப் பிள்ளைக்கு அது வாழ்க்கை.

ஐந்தாவது, இடம். 2008 நவம்பர் 12-ல் சென்னை அம்பேத்கர் சட்டக் கல்லூரியில் நடந்த மோதல் எல்லோருக்கும் நினைவிருக்கும். அச்சடித்த சுவரொட்டி ஒன்றில் கல்லூரியின் பெயரிலிருந்து அம்பேத்கரை நீக்கியிருந்ததில் மூண்ட பகை அது. விசாரணை ஆணையம் அமைந்தது. கடைசியில் 2018-ல் கல்லூரியையே நகரத்துக்கு வெளியே புதுப்பாக்கத்துக்கும் பட்டறைப்பெரும்புதூருக்கும் மாற்றினார்கள். உயர் நீதிமன்ற வாசலில் நின்று குரல் கொடுத்த சட்ட மாணவர்கள் இன்று ஊருக்கு வெளியே இருக்கிறார்கள். சாதிப் பகை தீர்ந்ததா என்றால் இல்லை. போராட்டத்துக்கான இடம் மட்டும் தள்ளிப்போனது.

இவையெல்லாம் போக, சில நிகழ்ச்சிகள் மாணவர் மனத்தில் ஆழமாகப் பதிந்தன. 2015-ல் சென்னை ஐ.ஐ.டி.யில் அம்பேத்கர் பெரியார் வாசகர் வட்டத்தின் அங்கீகாரத்தைப் பெயரில்லாத புகார் ஒன்றின் தொடர்ச்சியாக ரத்துசெய்தார்கள். நாடெங்கும் எதிர்ப்பு வந்தபின் ஜூன் மாதத்தில் திருப்பிக் கொடுத்தார்கள். ஐதராபாத் மத்தியப் பல்கலைக்கழகத்தில் அம்பேத்கர் மாணவர் சங்கத்தில் இருந்த ரோகித் வெமுலாவின் ஆய்வு உதவித்தொகை நின்றது; அவரையும் சேர்த்து ஐந்து பேர் விடுதியிலிருந்து வெளியேற்றப்பட்டார்கள்; 2016 ஜனவரி 17-ல் அவர் உயிரை மாய்த்துக்கொண்டார். அரசியல் பேசினால் என்ன விலை கொடுக்க வேண்டும் என்பதை இந்தச் செய்திகளைப் படித்த ஒவ்வொரு தலித் மாணவரும் மனத்துக்குள் கணக்குப் போட்டுப் பார்த்தார்.

எழாமல் இல்லை, நிலைக்கவில்லை

இத்தனைக்குப் பிறகும் மாணவர்கள் எழவே இல்லை என்று சொன்னால் அது பொய். 2013-ல் ஈழத்தமிழருக்காகக் கல்லூரி கல்லூரியாக உண்ணாவிரதம் இருந்தார்கள். 2017 ஜனவரியில் ஜல்லிக்கட்டுக்காக மெரினாவில் திரண்டார்கள். அதே ஆண்டு செப்டம்பர் 1-ல், பன்னிரண்டாம் வகுப்பில் 1,176 மதிப்பெண் எடுத்தும் நீட் தேர்வால் மருத்துவம் படிக்க முடியாமல்போன குழுமூர் அனிதா இறந்தபோது மாணவர்கள் வீதிக்கு வந்தார்கள்.

ஆனால் ஒரு வித்தியாசம் இருக்கிறது. மொழிக்கும் மாட்டுக்கும் எல்லோரும் ஒன்றாக நின்றோம், அது நல்லதுதான். உதவித்தொகை நின்றுபோனதற்கும், விடுதியில் புழு விழுந்த சோற்றுக்கும், சாதி மாறிக் காதலித்தவனை நடுத்தெருவில் வெட்டியதற்கும் அந்தக் கூட்டம் திரளவில்லை. அப்போது நாம் மட்டும் தனியாக நின்றோம். மேலும், திரண்ட கூட்டமும் வாரம் பத்து நாளில் கலைந்தது. கலைந்தபிறகு ஓர் அமைப்போ, ஒரு பதிவேடோ, அடுத்த ஆண்டு வரும் ஜூனியருக்குச் சொல்லிக்கொடுக்க ஓர் ஆளோ மிச்சமில்லை.

மாறாக நடந்த ஒன்று நம் மாவட்டத்திலேயே இருக்கிறது. சிதம்பரம் ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரி மாணவர்கள் 2020 டிசம்பரில் போராட்டம் தொடங்கினார்கள். அரசு நடத்தும் பல்கலைக்கழகத்தின் கல்லூரியில் ஆண்டுக்கு ஐந்து லட்சத்துக்கு மேல் கட்டணம் ஏன் என்பது அவர்கள் கேள்வி. விடுதியை மூடினார்கள், மாணவர்கள் கலையவில்லை. ஐம்பது நாட்களுக்கு மேல் உட்கார்ந்தார்கள். 2021 தொடக்கத்தில் அரசு அந்தக் கல்லூரியைச் சுகாதாரத் துறையின்கீழ் கொண்டுவந்து, மற்ற அரசு மருத்துவக் கல்லூரிகளுக்கு உள்ள கட்டணத்தையே நிர்ணயித்தது. கோரிக்கை ஒன்று, தெளிவானது. கல்லூரி விட்டு யாரும் ஓடவில்லை. அதனால் இன்று ஓர் ஏழை வீட்டுப் பிள்ளை அங்கே மருத்துவம் படிக்க முடிகிறது.

காலி இடத்தில் கயிறு

மாணவர் அரசியல் வெளியேறிய இடம் காலியாகவே இருக்கவில்லை. அங்கே கையில் கட்டும் வண்ணக் கயிறு வந்து உட்கார்ந்தது. எந்தக் கலர் எந்தச் சாதி என்று எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரிகிறது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பள்ளி மாணவன் ஒருவனையும் அவன் தங்கையையும் உடன் படித்த பையன்களே வீடு புகுந்து வெட்டினார்கள். அதன்பின் அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு 2024-ல் அறிக்கை கொடுத்து, சாதிக் கயிறுக்குத் தடை கேட்டது. சந்துரு அவர்களே மாணவர் இயக்கத்திலிருந்து வந்தவர் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

கயிற்றை அறுத்துவிடலாம். அந்த வயதுக்கு ஒரு கூட்டம் வேண்டும், ஒரு கொடி வேண்டும், ‘நாங்க’ என்று சொல்ல ஒரு சொல் வேண்டும். கட்டணத்துக்காகவும் பேருந்துக்காகவும் நூலகத்துக்காகவும் ஊரும் சேரியும் சேர்ந்து நிற்கும் மாணவர் சங்கம் இருந்தால் அந்த ‘நாங்க’ அங்கே கிடைக்கும். இல்லாவிட்டால் சாதிச் சங்கத்துக்காரர் டிஜிட்டல் பேனரோடு காத்திருக்கிறார். கட்சிகளின் மாணவர் அணிகளும் இதில் பொறுப்பேற்க வேண்டும். தலைவர் வரும்போது வேனில் ஏற்றிப்போகவும் பிறந்தநாளுக்கு பேனர் கட்டவும் மட்டுமே மாணவர்களைத் தேடினால், அந்தப் பிள்ளைகள் அரசியலை அந்த அளவில்தான் புரிந்துகொள்வார்கள்.

சாலையில் உட்காராமலும் செய்யலாம்

வழக்குப் பயம் இருக்கிறதா? சரி. வழக்கே வராத வேலைகளும் இருக்கின்றன, தம்பி தங்கைகளே.

பல்கலைக்கழக மானியக் குழுவின் 2012 விதிப்படி ஒவ்வொரு கல்லூரியிலும் சமவாய்ப்புப் பிரிவும், பாகுபாட்டுக்கு எதிரான அலுவலர் ஒருவரும் இருக்க வேண்டும். அதே குழுவின் 2023 விதிப்படி மாணவர் குறைதீர்க்கும் குழு இருக்க வேண்டும். அதில் பட்டியல் சாதி, பழங்குடி அல்லது பிற்படுத்தப்பட்ட வகுப்பைச் சேர்ந்த ஒருவராவது இருக்க வேண்டும். மாணவர் ஒருவரையும் சிறப்பு அழைப்பாளராகச் சேர்க்க வேண்டும். உங்கள் கல்லூரியில் இவர்கள் யார் யார் என்று முதல்வரிடம் எழுத்தில் கேளுங்கள். ஒருவர் கேட்டால் முறைப்பார்கள். இருபது பேர் கையெழுத்துப் போட்டுக் கேட்டால் பதில் சொல்வார்கள். பதில் வராவிட்டால் பத்து ரூபாய் கோர்ட்டு வில்லை ஒட்டித் தகவல் உரிமை மனு போடுங்கள். முப்பது நாளில் பதில் தர வேண்டும் என்பது சட்டம்.

விடுதியில் ஒரு நோட்டு போடுங்கள். யாருக்கு உதவித்தொகை வந்தது, யாருக்கு வரவில்லை, எந்தத் தேதியில் மனு கொடுத்தோம் என்று எழுதி வையுங்கள். மூன்றாம் ஆண்டு முடித்துப் போகிறவர் அந்த நோட்டை இரண்டாம் ஆண்டு பிள்ளையிடம் கொடுத்துவிட்டுப் போகட்டும். ஞாயிறன்று ஒரு மணி நேரம் எல்லோரும் உட்கார்ந்து அம்பேத்கரையோ அன்றைய செய்தித்தாளையோ வாய்விட்டுப் படியுங்கள். மாணவியர் விடுதிகளில் இது இன்னும் முக்கியம். மாலை ஆறு மணிக்குக் கதவு அடைத்துவிடுகிறார்கள் என்பதற்காகக் கூட்டம் நின்றுவிட வேண்டியதில்லை, உள்ளேயே நடத்தலாம். புதுமைப்பெண் திட்டத்தில் ஆயிரம் ரூபாய் வாங்கும் தங்கைக்கு அது வராமல் நின்றால் எங்கே கேட்பது என்றும் தெரிந்திருக்க வேண்டும்.

ஊருக்கு வரும்போதும் வேலை இருக்கிறது. ஆண்டுக்கு ஆறு கிராமசபை நடக்கிறது. நம் தெருவுக்குச் சாலையும் சுடுகாட்டுப் பாதையும் கேட்டு எழுதிக் கொடுக்கப் படித்த பிள்ளை ஒன்று அங்கே உட்கார்ந்திருந்தால், தீர்மானப் புத்தகத்தில் என்ன எழுதுகிறார்கள் என்று பார்க்க முடியும்.

பெற்றோருக்கும் ஒரு சொல். பிள்ளையை வம்பில் மாட்டாதே என்று சொல்லுங்கள், தப்பில்லை. ஆனால் அமைதியாகக் கூடவும் பேசவும் சங்கம் வைக்கவும் அரசியல் சட்டத்தின் 19-வது பிரிவு உரிமை கொடுத்திருக்கிறது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். அந்தச் சட்டத்தின் வரைவுக் குழுவுக்குத் தலைமை ஏற்றவர் யார் என்று நாம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 1942-ல் நாக்பூர் மாநாட்டில் அவர் கற்பது, கிளர்ச்சி செய்வது, ஒன்றுசேர்வது என்று மூன்று காரியம் சொன்னார். முதலாவதை நாம் கடன் வாங்கியும் கூலி வேலை பார்த்தும் பிள்ளைகளுக்குக் கொடுத்துக்கொண்டிருக்கிறோம். மற்ற இரண்டையும் கல்லூரி வாசலில் விட்டுவிட்டு உள்ளே போ என்று சொன்னால், வாங்கிவரும் பட்டத்தைக் காக்கவும் அவர்களுக்கு வழி இருக்காது.

இந்த ஆண்டு சேர்க்கை முடிந்து விடுதிகளுக்குப் புதிய பிள்ளைகள் வருவார்கள். பெட்டியை இறக்கி வைத்ததும் அவர்களுக்கு சாப்பாட்டு நேரத்தைச் சொல்லும் சீனியர், உதவித்தொகை வராவிட்டால் எல்லோரும் சேர்ந்து எங்கே போக வேண்டும் என்பதையும் சொல்லிக் கொடுக்கட்டும்.